விரிசல் யார் கணக்கு? - காகித டேப்பும் வலை டேப்பும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. வருஷக் கடைசிக் கணக்கு, அதுக்குப் பின்னால ஆடிட்னு பேங்க்ல புடுங்கின ஆணி கொஞ்சநஞ்சமில்லை. இந்த ஞாயித்துக்கிழமைதான் கட்டில்ல மல்லாந்து படுத்து மூச்சு விட்டேன். அண்ணாந்து பார்த்தா சீலிங். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, வெக்கப்பட்டு எழுதாம விட்ட விஷயம் அங்கே இருந்துச்சு. இன்னைக்கு எழுதிடறேன்.

முதல்லயே சொல்லிடறேன். நான் படிச்சது பி.காம். கையில சுத்தியல் எடுத்தா என் விரல்லதான் அடிச்சுக்குவேன். அதனால இது நிபுணர் உரை இல்லை. வீடு வாங்கி, சூடு பட்டு, அப்புறம் நாலு பேர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவனோட கருத்து, அவ்வளவுதான்.

ஜிப்சம் போர்டு சுவர், ஜிப்சம் போர்டு சீலிங் உங்க எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கா, கனடாவுல இருக்கறவங்க அதுக்குள்ளேயேதான் குடியிருக்கீங்க. ஊர்ல வீடு கட்டறவங்க 'ஃபால்ஸ் சீலிங்'னு ஒரு தொகையைத் தனியா ஒதுக்கறீங்க. ரெண்டு தாளுக்கு நடுவுல ஜிப்சத்தை வச்சு அழுத்தின பலகை அது. 1894-ல அகஸ்டின் சாக்கெட்ங்கற அமெரிக்கர் இதோட முன்னோடிக்குக் காப்புரிமை வாங்கினார். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல சுவர் பூச ஆள் கிடைக்காம, அமெரிக்காவுல இது வேகமாப் பரவிச்சு. ஆக, பிறந்ததிலிருந்தே இது அவசரக்காரங்களோட சுவர். இது முக்கியம், ஞாபகம் வச்சுக்கங்க.

பலகை நல்லாத்தான் இருக்கும். ரெண்டு பலகை சேர்ற இடம்தான் தலைவலி. நம்ம ஊர்ல சீலிங்குக்கு வர்றது பெரும்பாலும் 6-க்கு 4 அடி, 12.5 மி.மீ. கனம். ஒரு சின்ன அறைக்கே அஞ்சாறு பலகை வேணும். அந்த இடுக்கு தெரியாம இருக்க மேல ஒரு டேப் ஒட்டி, காம்பவுண்ட் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெயிண்ட் அடிப்பாங்க. அந்த டேப் காகிதமா இருக்கணுமா, கண்ணாடி இழை வலையா இருக்கணுமாங்கறதுதான் கேள்வி. 'இதுக்கெல்லாம் ஒரு பதிவா'ன்னு தங்கமணி கேட்டாச்சு. நீங்க கேக்காதீங்க :-)

கதைக்கு வருவோம்.

தேவகோட்டையிலிருந்து கிளம்பி நாலு ஊர் மாத்தலாகிக் கொச்சிக்கு வந்து, மட்டாஞ்சேரியில ஒரு பழைய வீட்டை வாங்கினேன். ஸ்டாஃப் ஹவுசிங் லோன்தான், வேறென்ன. கீழே வெட்டுகல் சுவர், நம்ம பக்கம் செம்புரைக்கல்னு சொல்வோமே, அது. மேலே மர உத்தரம், ஓட்டுக் கூரை. மாடியில ஒரே நீள அறை. பத்தாம் வகுப்பு போற பொண்ணுக்குப் படிக்கத் தனி அறை வேணும்னு, நடுவுல ஜிப்சம் தடுப்பும் மேலே ஜிப்சம் சீலிங்கும் போட முடிவாச்சு. இங்கே பழைய பண்டகசாலைகளைக் கடையாவும் காப்பிக்கடையாவும் மாத்தறப்போ இப்படிப் போர்டு வச்சுத் தடுக்கறது சாதாரணம்.

வேலைக்கு வந்தது முர்ஷிதாபாத் பையன் ஒருத்தன். இருபத்தஞ்சு வயசிருக்கும். அவனோட மலையாளம் என்னோடதை விட நல்லா இருந்துச்சு. போர்டெல்லாம் திருகு முடுக்கி முடிச்ச அன்னைக்கு எங்கிட்ட வந்து, "சேட்டா, கடலாஸ் டேப் ஆணு நல்லது. ரெண்டு மூணு திவசம் கூடி வேணம்"னான். கடலாஸ்னா காகிதம். காகித டேப்தான் நல்லது, இன்னும் ரெண்டு மூணு நாள் வேணுங்கறான்.

அது 2022 மே கடைசி. அந்த வருஷம் பருவமழை மே 29-லேயே கேரளாவுக்கு வந்துருச்சு. ஜூன் 1 பள்ளிக்கூடம் திறக்குது. பொண்ணு புத்தகமெல்லாம் மூட்டையில கிடக்கு. "ஏங்க, இன்னும் எத்தனை நாள்தான் இந்தத் தூசியில சமைக்கறது?"ன்னு வீட்டுல ஒரே பிடுங்கல். நான் என்ன பண்ணினேன்? கடைக்குப் போய் நானே சாமான் வாங்கிட்டு வந்தேன். வலை டேப், பின்னால பசை தடவியே வரும், ஒட்டினா ஒட்டிக்கும், வேலை சீக்கிரம் முடியும்னு கடைக்காரர் சொன்னார். கூடவே ஒரு வாளி ரெடிமிக்ஸ் காம்பவுண்ட். பையன் வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒண்ணும் சொல்லலை. ரெண்டு நாள்ல முடிச்சுக் கொடுத்துட்டான். வெளியே கொட்டற மழை. மூணாம் நாள் பெயிண்ட்.

பேங்க்காரன் புத்தி, கூலியில 2000 ரூபாயைப் பிடிச்சு வச்சேன். 'ரெண்டு மாசம் பார்த்துட்டுத் தர்றேன்'னேன். ஓணம் லீவுல பொண்ணுதான் முதல்ல பார்த்தா. "அப்பா, மேல கோடு கோடா இருக்கு." அண்ணாந்து பார்த்தா, போர்டு சேர்ற ஒவ்வொரு இடத்துலயும் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி மயிரிழை விரிசல். பையன் பணம் கேட்டு வந்தப்போ விரலை மேலே காட்டினேன். 'இது வேலையா?'ன்னு கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் சீலிங்கையே பார்த்தான். "செரி சேட்டா"ன்னு போயிட்டான். 2000 மிச்சம்னு எனக்கு உள்ளூர சந்தோஷம் கூட.

அந்த டிசம்பர்ல எங்க கிளைக்கு வழக்கமா வர்ற ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். வயசானவர், இந்தத் தொழில்லேயே நரைச்சவர். ஏணி போட்டு ஏறி, சாவி முனையால விரிசலை லேசா நோண்டினார். வலையை ஒரு இழு இழுத்தார். பழந்துணி தையல் பிரியற மாதிரி வந்துச்சு. "வலை டேப்புக்கு மேல ரெடிமிக்ஸ், அதுவும் மழையில. யார் சாமான் எடுத்தது?"ன்னு கேட்டார். வாயடைச்சுப் போச்சு. ராத்திரி ஃபைலைத் திறந்து பார்த்தேன். பில் பத்திரமா இருந்துச்சு. வலை டேப் மூணு ரோல், ரெடிமிக்ஸ் ஒரு வாளி. வாங்கினவர் பேர் என் பேர். இருபது வருஷமா அடுத்தவன் வவுச்சரைத் தோண்டறவன், சொந்த வவுச்சரைப் பார்க்காமலே ஒருத்தன் தலையில பற்று எழுதிட்டேன்.

நிற்க. இப்போ அவர்கிட்டயும் அப்புறம் மத்தவங்ககிட்டயும் கத்துக்கிட்டதைச் சொல்றேன். இதுதான் உங்களுக்கு உபயோகம்.

முதல்ல காம்பவுண்ட். ரெண்டு வகை இருக்கு. வாளியில குழைச்சே வர்றது ஒண்ணு. அதுல இருக்கற தண்ணி ஆவியாப் போனாத்தான் அது இறுகும். காத்துல ஈரம் இருந்தா தண்ணி எங்கே போகும்? கொச்சியில வருஷத்துக்கு ஏறக்குறைய 3000 மி.மீ. மழை. ஜூன்ல துவைச்ச சட்டையே ரெண்டு நாளா காயாது, காம்பவுண்ட் மட்டும் காயுமா? மேலே தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே பச்சையா இருக்கும். காயக்காய அது சுருங்கவும் செய்யும். இன்னொண்ணு பொடியா வர்றது. தண்ணி விட்டுக் குழைச்சா வேதிமாற்றத்துல தானா இறுகும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாதிரி. மழையானாலும் வெயிலானாலும் குறிச்ச நேரத்துல கெட்டியாயிடும். சுருக்கமும் கம்மி, பலமும் அதிகம். ஆனா கை வேகமா ஓடணும், தேய்க்கறது கஷ்டம்.

அடுத்து டேப். காகித டேப்ல பசை கிடையாது. முதல்ல இடுக்குல காம்பவுண்ட் வைக்கணும், அது மேல டேப்பைப் படுக்க வைக்கணும், பட்டி பிளேடால அழுத்தி அதிகப்படியை வழிச்செடுக்கணும். கீழே காம்பவுண்ட் போதலைன்னா கொப்புளம் கிளம்பும். கை பழக்கம் வேணும். ஆனா சரியா உக்காந்துட்டா, இழுத்தாலும் நீளாது. அதான் அதோட பலம். நடுவுல மடிப்புக் கோடு இருக்கறதால உள்மூலைக்கு அதை மடிச்சு வச்சா கச்சிதமா உக்காரும்.

வலை டேப் நேர்மாறு. ஒட்டறது சுலபம், கொப்புளம் வராது. கண்ணாடி இழை தனியா எடுத்தா பலமானதுதான். ஆனா வலையாப் பின்னினதால, இழுக்கறப்போ இழைகள் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். டேப் கொடுக்கற அந்த இம்மியை மேலே இருக்கற காம்பவுண்ட் கொடுக்காது, வெடிக்கும். அதனாலதான் வலை டேப் போட்டா முதல் பூச்சு பொடி காம்பவுண்டா இருக்கணும்னு சொல்றாங்க. அது கல்லு மாதிரி இறுகி, வலையோட தளர்ச்சியை ஈடு கட்டும்.

என்னை மாதிரி காமர்ஸ் ஆளுக்கு இதை ஒரே வரியில சொல்லலாம். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. வலை டேப்னு எழுதினா எதிர்ப்பக்கத்துல பொடி காம்பவுண்ட்னு எழுதியே ஆகணும். நான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிட்டு, ஐந்தொகை டாலி ஆகலைன்னு கிளார்க்கைத் திட்டினேன்.

'வலை டேப்ல பூஞ்சை பிடிக்காது, ஈர ஊருக்கு அதான் சரி'ன்னு ஒரு வாதம் உண்டு. நானும் அதை நம்பினவன்தான். காகிதம் பூஞ்சைக்குத் தீனி, கண்ணாடி இழை தீனி இல்லை. உண்மை. ஆனா ஒண்ணு யோசிங்க. சாதாரண ஜிப்சம் போர்டோட ரெண்டு முகமும் என்ன? காகிதம். ரெண்டு அங்குல டேப்ல பூஞ்சை வராம, நாலடி போர்டு முழுக்க வந்தா யாருக்கு லாபம்? ஈரம் இறங்குதுன்னா அதோட மூலத்தை அடைக்கணும். ஓடு ஒழுகுதா, குழாய் கசியுதா, காத்து போகலையான்னு பார்க்கணும். ஈரம் தாங்கற பச்சை நிற போர்டு கூட வெள்ளத்துல ஊறறதுக்குச் செஞ்சது இல்லை. மட்டாஞ்சேரியில பெருவேலி ஏத்தத்துல தாழ்வான தெருக்களுக்குக் காயல் தண்ணி வந்துரும். அங்கே தரைத்தளத்துல ஜிப்சம் தடுப்பே வேண்டாம்ங்கறது என் கட்சி.

ஆக, என் தீர்ப்பு இது. சீலிங், நீள இடுக்கு, உள்மூலை - காகித டேப். சின்ன ஓட்டை அடைக்கறது, உடைஞ்ச இடத்துல ஒட்டுப் போடறது - வலை டேப், பொடி காம்பவுண்டோட. குளியலறையில டைலுக்குப் பின்னால சிமெண்ட் போர்டு வச்சா அது தனிக் கணக்கு. அங்கே காரம் தாங்கற கண்ணாடி இழை வலைதான், டைல் ஒட்டற சிமெண்ட் பசையோட. காகிதம் அங்கே வேலைக்கு ஆகாது.

மூணாவது ஒண்ணும் இருக்கு, அதுதான் நிறைய பேருக்குத் தெரியலை. ரெண்டு வேற வேற பொருள் சேர்ற இடத்துல எந்த டேப்பும் நிக்காது. என் வீட்டுல ஜிப்சம் சீலிங் போய் வெட்டுகல் சுவர்ல முட்டுது. சுவர் ஒரு மாதிரி அசையும், மர உத்தரம் மழையில ஊதும், வெயில்ல சுருங்கும், போர்டு அதோட போகாது. அங்கே டேப் போட்டு மூடினா பொய்க் கணக்கு. ஒரு சின்ன இடைவெளி விட்டு, நெளிஞ்சு கொடுக்கற சீலன்ட் வைக்கறதோ, ஓரப்பட்டி வச்சு அந்தக் கோட்டைத் தெரியவே விடறதோதான் யோக்கியம். தூணும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல கொத்தனார் கோழிவலை வச்சுப் பூசறாரே, அங்கேயும் பிரச்சினை இதே கதைதான்.

இப்போ விஷயத்தோட முடிச்சுக்கு வர்றேன். காகிதமா வலையாங்கறது மேலுக்குத் தெரியற கேள்வி. உள்ளே இருக்கற கேள்வி, காய விடறதுக்கு நாம நாள் கொடுக்கறோமாங்கறது. காகித டேப்னா ஒரு பூச்சு, காயணும், அதைவிட அகலமா இன்னொண்ணு, காயணும், அதைவிட அகலமா மூணாவது, காயணும். ரெடிமிக்ஸ்னா நல்ல நாள்லேயே ஒவ்வொண்ணுக்கும் ஒரு முழு நாள். மழை நாள்ல அதுக்கும் மேல. வலை டேப்பை நான் வாங்கினது அது நல்லதுன்னு இல்லை. அந்த நாட்களைக் கொடுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

எங்க தெருவிலிருந்து நடக்கற தூரத்துல மட்டாஞ்சேரி அரண்மனை. 16-ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. 1663-ல டச்சுக்காரங்க புதுப்பிச்சதால டச்சு அரண்மனைன்னு பேர். அங்கே பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். கேரளச் சுவரோவியத்துக்குச் சுவரைத் தயார் பண்றதே தனி வேலை. சுண்ணாம்புச் சாந்து பூசி, அது மேல இளநீர் கலந்த சுண்ணாம்பை 25, 30 தடவை பூசுவாங்களாம், ஒவ்வொண்ணும் காஞ்ச பிறகு அடுத்தது. வரையவே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள முப்பது. நான் மூணுக்கு அழுதேன். எங்க செட்டிநாட்டு வீடுகள்ல சுண்ணாம்பு அரைச்சுப் பூசி இழைச்சு இழைச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்கின தூணைத் தொட்டு வளர்ந்தவன் நான். எனக்கே இது மறந்துபோச்சு.

நம்மள்ல பாதிப் பேர் இப்போ போன்லயே வீடு கட்டறோம். துபாயிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ வாட்ஸப்ல படம் பார்த்து 'ஓகே' சொல்றோம். கிரகப்பிரவேசத் தேதி குறிச்சு டிக்கெட்டும் போட்டாச்சு, அதுக்குள்ள முடியணும். விரிசல் வந்தா 'லேபர் சரியில்லை'. அவங்களுக்குச் சொல்றேன். மூணே கேள்வி கேளுங்க. என்ன டேப்? அதுக்கு ஜோடியா என்ன காம்பவுண்ட்? பூச்சுக்குப் பூச்சு எத்தனை நாள்? மூணாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது மேஸ்திரி இல்லை, தேதி குறிச்ச நீங்க.

அமெரிக்காவுல பழைய வீடு வாங்கி சனி ஞாயிறுல நீங்களே தேய்க்கக் கிளம்பறவங்களுக்கு இன்னொண்ணு. அங்கே ஒரு காலத்துல ஜாயின்ட் காம்பவுண்ட்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தாங்க. வீட்டு உபயோகத்துக்கான அந்த மாதிரி காம்பவுண்டை 1977-ல தடை பண்ணினாங்க. அந்தக் காலத்து வீடுன்னா சோதிச்சுப் பார்க்காம உப்புத்தாளைக் கையில எடுக்காதீங்க. புது வீடானாலும் மாஸ்க் போட்டுக்கங்க. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீங்க.

கதையோட மிச்சம். பையன் நம்பர் இருந்துச்சு. காக்கநாடு பக்கம் வேலையில இருந்தான். கூப்பிட்டு, தப்பு என்னுதுன்னு சொன்னேன். சொல்ல ரெண்டு நாளாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை வந்தான். முதல்ல 2000-ஐக் கொடுத்தேன். எண்ணாம பையில வச்சான். 'அன்னைக்கே ஏன் சொல்லலை?'ன்னு கேட்டேன். "பறஞ்ஞு சேட்டா"ன்னான். சொன்னேனேங்கறான். ஆமா, சொன்னான். கடலாஸ் டேப் ஆணு நல்லதுன்னு, முதல் நாளே.

2023 ஜனவரி, நல்ல காஞ்ச காத்து. வலையையெல்லாம் சுரண்டி எடுத்துட்டுக் காகித டேப் போட்டான். பூச்சுக்கு ஒரு நாள்னு மூணு தடவை வந்து போனான். கூலி புதுசாப் பேசிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் வந்த மழைக்காலங்களுக்கு இன்னைக்கு வரை சீலிங் நடுவுல ஒரு கோடு கிடையாது. வெட்டுகல் சுவரோரம் மட்டும் வெயில் காலத்துல ஒரு மெல்லிய இடைவெளி தெரியும், மழை வந்தா மூடிக்கும். அதை அப்படியே விட்டு வச்சிருக்கேன்.

இங்கே ஃபோர்ட் கொச்சி பக்கம் வெளியில ஒரு டோபி கானா இருக்கு. தலைமுறை தலைமுறையா அங்கே துவைக்கறது நம்ம தமிழாளுங்கதான். அவங்க துவைச்ச சட்டையில ஒரு கறை இருந்தா யாரும் 'கறை எப்படி வந்தது'ன்னு கேக்க மாட்டாங்க. 'பாண்டிக்காரன் வேலை'ன்னுதான் சொல்வாங்க. எனக்கே கவுண்டர்ல அந்த வார்த்தை காதுல விழுந்திருக்கு, வலிச்சிருக்கு. அதே நான், முர்ஷிதாபாத்லேர்ந்து வந்தவனை விரலைக் காட்டி 'இது வேலையா'ன்னு கேட்டேன். வந்த இடத்துல பிழைக்கறவன், வந்த இடத்துல பிழைக்கற இன்னொருத்தனுக்குப் பண்ணின காரியம் இது. 2000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அந்த நாலு மாசத்தை எந்தக் கணக்குல எழுதறதுன்னு இன்னும் தெரியலை.

விரிசல் வந்தா முதல்ல பில்லைப் பாருங்க, தேதியைப் பாருங்க, அப்புறம் ஆளைப் பாருங்க. டேப் காகிதமாவே இருக்கட்டும்.

உங்க வீட்டு அனுபவம் என்னன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. குறிப்பா பனி ஊர்ல இருக்கறவங்க, குளிர்கால ஹீட்டர் சூட்டுல சீலிங் மூலை பிரிஞ்சவங்க யாராவது இருந்தா, என்ன பண்ணினீங்கன்னு எழுதுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டுத் தங்கமணி, 'தூசியில சமைச்சது நான், பேர் வாங்கறது டேப்பா?'ன்னு கேட்டாங்க. நியாயம்தான். அடுத்த பதிவு சமையலறை பத்தி :-)